ரோட்டு வரிக்கு ஆறு நாள்

ரோட்டு ஓவர்சியராக இருந்தவனுக்கு இரண்டு பக்கமும் ஏச்சு உண்டு: மேலே இருப்பவர் ரோடு ஏன் இன்னும் முடியவில்லை என்பார், கீழே இருப்பவர் ரோடு எதற்கு என்பார்.

இங்கே நான் எழுதப்போகிறவற்றில் ஒன்றை, பெரகல மாரிமுத்துவைப் பற்றியதை, பல வருஷங்களாகச் சந்தேகித்து வருகிறேன். மற்றவை பெரும்பாலும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தவை. மாரிமுத்து விஷயத்தில் ஒரே ஒரு நாள் நான் அங்கே இல்லை. அந்த நாளைப் பற்றி இன்னொருவர் சொன்னதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது.

உங்களில் பலர் அந்த வரியைக் கட்டியிருப்பீர்கள். சிலர் என்னிடமே கல் உடைத்திருப்பீர்கள். என்னைத் திட்டியும் இருப்பீர்கள்; அதில் தவறில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வரை உள்ள ஒவ்வொரு ஆணும் வருஷத்தில் ஆறு நாள் சம்பளம் இல்லாமல் ரோட்டில் வேலை செய்ய வேண்டும். முடியாதென்றால் காசாகக் கட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கோர்ட்டு, இரட்டிப்புக் காசு, அதற்கும் வழியில்லாதவனுக்கு ஜெயில். பிக்குமாருக்கு இந்த வரி இல்லை. பட்டாளத்துக்காரருக்கு இல்லை. இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கும் இல்லை. கடைசியாகச் சொன்ன இந்தச் சலுகைதான் பிறகு ஒரு குடும்பத்தைத் தின்றது.

ஹல்துமுல்லையிலிருந்து பெரகல வழியாகக் கொஸ்லந்த இறக்கம் வரை என் பகுதி. காசு வாங்குவது என் வேலை அல்ல. அதற்கு அருளப்பர் என்று ஒரு வரி அதிகாரி இருந்தார். பதுளைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நாங்கள் இருவரும் ஒரே கோவிலில் பூசை காண்கிறவர்கள். காசுக்குப் பதில் உடம்பால் கட்ட வருகிறவர்கள்தான் என்னிடம் வருவார்கள். அவர்களை ஆறுநாள்காரர் என்போம்.

மாப்பிள்ளையின் வயது

வரிப் பட்டியல் எழுதும் மாதத்தில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மளமளவென்று வயது ஏறும். ஹல்துமுல்லைக்குக் கீழே டிங்கிரி பண்டா என்று ஒரு வயல்காரர் இருந்தார். ஓலைச் சாதகத்தை எடுத்து வந்து காட்டினார். அதன்படி அவருக்கு ஐம்பத்தெட்டு. ஓலை பழசு, எழுத்தில் தேய்த்திருந்த மை மட்டும் போன வாரத்தது. அருளப்பர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஆனால் சாதகத்தை எதிர்த்து வழக்காட யாருக்கு நேரம் இருக்கிறது? பெயரை அடித்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அதே டிங்கிரி பண்டா சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆறு நாளும் விடியும் முன்பே வந்தார். அந்த வருஷம் என் பகுதியில் அவரைப்போல் கல் உடைத்தவர் ஒருவரும் இல்லை. இருபது வயதுப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இரண்டு வருஷம் கிழவனாக நடித்திருக்கிறான். சும்மா வேலை வாங்கும் சட்டத்துக்கு முன்னால் நடிக்காமல் வேறு என்ன செய்வான்? ஆறாம் நாள் முடிந்ததும் அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: “மாத்தயா, நான் ரோட்டு வேலை செஞ்சேன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. நான் கட்டப்போற பொண்ணோட அண்ணன்மாருக்கு என் வயசுல சந்தேகமாம்.”

கடைச் சிப்பந்திகளின் பெரட்டு

தோட்டத்துக் கூலிக்கு ரோட்டு வரி இல்லை என்றால், தோட்டத்துக் கூலி ஆகிவிடுவதுதானே சுலபம்? பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு இந்த யோசனை வந்தது. பெரகலவுக்கு மேலே ஒரு தோட்டத்துக் கங்காணி அவருக்குப் பழக்கம். தன் கடைச் சிப்பந்திகள் நான்கு பேரின் பெயரை அந்தத் தோட்டத்துப் பட்டியலில் ஏற்றி வைத்தார். வருஷக்கணக்கில் அவர்கள் கடையில் சேலை விரித்துக்கொண்டே, பட்டியலின்படி மலையில் புல்லும் வெட்டினார்கள்.

பிறகு ஒரு புதுத் துரை வந்தார். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணும் வரிசையில், தன் கண்முன்னால் நிற்க வேண்டும் என்றார். நான் அன்று தோட்டத்து எல்லையில் ஒரு மதகைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நான்கு பேரும் முதல் நாளே மாட்டு வண்டியில் வந்து கங்காணி வீட்டில் தங்கியிருந்தார்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, சலவை வேட்டி, ஒருவர் கையில் குடை. துரை சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. நால்வருக்கும் ஆளுக்கொரு சுரண்டியைக் கொடுத்துப் புல்லுவெட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்திக்கு அவர்களில் ஒருவர், சண்முகம் என்று பெயர், என் மதகில் வந்து உட்கார்ந்து உள்ளங்கைக் கொப்புளங்களை ஊதிக்கொண்டிருந்தார். “எப்படிங்க இருந்தது?” என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “உங்க ரோட்டு வேலையே மேல் போலிருக்குதுங்க. சம்பளம் இல்லேன்னு மொதல்லயே சொல்லிடுறீங்க.”

அறுவடை வாரம்

ஆறுநாள்காரர்களை எந்த வாரம் கூப்பிடுவது, எந்த இடத்துக்குக் கூப்பிடுவது என்று நாள் குறிப்பது அருளப்பர். எனக்கு நெடுநாள் ஒரு விஷயம் புரியவில்லை. ஹல்துமுல்லை வயல்காரர்களுக்கு நெல் அறுக்கும் வாரத்தில் அழைப்பு வரும். அதுவும் கொஸ்லந்த இறக்கத்துக்கு. கொஸ்லந்தக்காரர்களுக்கு ஹல்துமுல்லையில் வேலை. நடந்துவரவே பாதி நாள் போய்விடும். நூறு பேரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். மற்றவர்கள் நகையையோ நெல்லையோ கொடுத்துக் காசு புரட்டிக் கட்டிவிடுவார்கள். பிறகு எல்லாரும் சொல்வார்கள், இந்த ஊர்க்காரன் சோம்பேறி, உடம்பு வளையாது, அதனால்தான் காசு கட்டுகிறான் என்று. நானும் கொஞ்சநாள் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன். “அண்ணே, அவங்கவங்க ஊர்ப் பக்கத்துல, அறுப்பு முடிஞ்சு கூப்பிட்டா எல்லாரும் வருவாங்களே. எனக்கும் ரோடு முடியும்.” அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். காசாக வசூலானதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அது சட்டப்படியே உண்டு, ஒளிவு மறைவில்லை. உடம்பால் கட்டுகிறவன் கணக்கில் அவருக்கு ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவர் ஒளிக்காமலே சொன்னார்: “வேலை செய்ய வாறவனால எனக்கு என்ன தம்பி பிரயோசனம்? அவன் கல்லுதானே ஒடைப்பான்.”

ஜெயில் சோறு

கப்பல் அரிசி வராமல் போன வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்புஹாமி என்ற கூலிக்காரருக்கு அழைப்பு போயிற்று. அவருக்கு வயல் இல்லை, அன்றன்று கூலி வேலை செய்தால்தான் அன்றன்று அடுப்பு எரியும். அவர் வேலைக்கும் வரவில்லை, காசும் கட்டவில்லை. கோர்ட்டில் நிறுத்தியபோது குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டார். எத்தனை நாள் ஜெயில் என்று நீதவான் சொன்னதும், “கொஞ்சம் கூட்டிப் போட முடியாதா?” என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாகச் சொன்னார்கள்.

ஜெயில் கைதிகளுக்கும் கல் உடைக்கும் வேலைதான். அந்த மாதம் காவலோடு கூட்டிவந்து என் ரோட்டிலேயே விட்டார்கள். ஆறுநாள்காரர் வளைவுக்கு இந்தப் பக்கம், கைதிகள் அந்தப் பக்கம். மத்தியானம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சோற்றுப் பானை வந்தது. சம்பளமில்லாமல் உழைக்க வந்த யோக்கியன் வீட்டிலிருந்து கட்டிவந்த கிழங்கைத் தின்றுகொண்டு, குற்றவாளி சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் எட்டுப் பேர் வேலைக்கு வரவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று அறிக்கை எழுதச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. எழுதிக் கொடுத்தேன். பேனா ஓடத்தான் செய்தது.

அப்புஹாமியின் மனைவி மெனிக்கா இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாய் வளைவில் வந்து நின்றாள். புருஷனிடம் பேசத்தான் வந்தாள் என்று நினைத்து, காவல்காரரிடம் சொல்லி வழிவிடச் செய்தேன். அவள் அவர் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்: “மாத்தயா, நாங்க மூணு பேரும் என்ன செஞ்சா உள்ள எடுப்பாங்க?”

லயத்தை விட்டவர்

இனி மாரிமுத்து. பெரகலவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார். பதினேழு வருஷம் மலைக்கு வேலைக்குப் போனவர். கங்காணியிடம் இருந்த கடனை முழுக்கத் தீர்த்து, கடன் தீர்ந்த துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு, மனைவி ராக்கம்மாவோடும் மகள் செல்லாயியோடும் லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியே வந்தார். எங்கள் பக்கத்தில் அப்படி வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரகல சந்திக்குப் பின்னால் ஒரு கிராமத்தாரிடம் நிலம் வாடகைக்குப் பிடித்து, இரண்டு பசு வைத்து, பெரகலக் கடைகளுக்குப் பால் ஊற்றினார். எனக்கும் அவர் பால்தான்.

ஏன் வெளியே வந்தார் என்பதை அவர் யாருக்கும் ஒளித்ததில்லை. செல்லாயிக்குப் பத்து வயது. லயத்தில் இருந்தால் அந்த வருஷமே அவளையும் பெரட்டில் நிறுத்தித் தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பியிருப்பார்கள், அரைச் சம்பளத்துக்கு. அவளை அதில் விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய எண்ணம். அதற்காக அவர் இழந்ததைச் சொல்கிறேன். லயத்துக்கு வாடகை இல்லை. வாரத்தில் இத்தனை நாள் வேலைக்குப் போனால் அரிசி உண்டு. சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் அடுப்பு அணையாது. எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டு வரி இல்லை. வெளியே வந்து சொந்தமாக இரண்டு மாடு வைத்த அன்றே மாரிமுத்து வரிப் பட்டியலில் ஏறிவிட்டார்.

கங்காணி வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கு வந்து அவரைக் கூப்பிடுவார். வேலைக்கு நிறுத்தும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு, அவர் கண்ணுக்கு அந்தக் குடும்பம் மூன்று தலை. ஒரு முறை நான் தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போதே வந்து, “என்னப்பா, மாட்டு மூத்திரத்துல நின்னது போதும், வா” என்றார். மாரிமுத்து பால் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “கங்காணி ஐயா சொல்றது நெசந்தாங்க. அங்க எல்லாமே சும்மா. வெளிய வாறதுக்கு மட்டுந்தான் பதினேழு வருஷம் ஆச்சு.”

ஆறாம் நாள்

அந்த வருஷம் மாரிமுத்து காசு கட்டவில்லை. உடம்பால் கட்டுகிறேன் என்றார். தீவனத்துக்கு வைத்த காசு அது, எடுத்தால் பசு வற்றிவிடும் என்றார். அதோடு நிற்கவில்லை. கடைகளில் பால் ஊற்றும்போதெல்லாம் வண்டிக்காரர்களிடமும் மூட்டை தூக்குகிறவர்களிடமும் பேசினார். ஆறு நாள்தானே, சல்லிக்காசு எதுக்குக் கட்டணும், சேர்ந்து போவோம் என்றார். சந்தியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சுத்தியலோடு வந்துவிட்டார்கள். வேலை செய்ய ஆள் வந்ததற்காக ஒரு வரி அதிகாரி முகம் சுளித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டிக் கல். அடிப்பலகை இல்லாத மரப்பெட்டியை ரோட்டோரம் வைத்து உடைத்த கல்லால் நிரப்பி, பெட்டியைத் தூக்கினால் குவியல் நிற்கும். மாலையில் நான் வந்து பார்த்து அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பேன். தெளித்தால் அந்த நாள் முடிந்தது. தெளிக்காதது ரோட்டில் கிடக்கும் வெறும் கல். ஆறும் வெள்ளையாக நின்றால்தான் வரி கழியும். ஐந்து நின்றால் ஐந்தும் வீண் என்பது எங்கள் பகுதி நடைமுறை. யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

மாரிமுத்து அதிகாலையில் பால் ஊற்றிவிட்டு, கொஞ்சம் பிந்தி வந்து, எல்லாருக்கும் கடைசியில் போவார். ஐந்து குவியலுக்கு நானே சுண்ணாம்பு தெளித்தேன். ஆறாம் நாள் கொஸ்லந்த இறக்கத்தில் மண் சரிந்துவிட்டது. என்னை அங்கே போகச் சொன்னார்கள். “நீ போ தம்பி, இதை நான் பாத்துக்குறேன்” என்று அருளப்பர் சுண்ணாம்பு வாளியை வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் திரும்பி வந்தபோது பட்டியல் எழுதித் தயாராக இருந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் ஆறு. மாரிமுத்துவுக்கு ஐந்து. “அவன் வரலை. பால் ஊத்தினதோட போயிட்டான்” என்றார்.

நான் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். ஐந்து வெள்ளைக் குவியல்கள். பக்கத்தில் ஆறாவதாக ஒன்று, வெள்ளை இல்லாமல். அது ரோட்டு ஆட்கள் எப்போதோ போட்டது என்றார் அருளப்பர். இருக்கலாம். போட்டுப்போட்டு அப்படியே விட்ட குவியல்கள் ரோடு முழுக்க உண்டு. ஆனால் பழைய கல்லில் பாசி இருக்கும், புதுக் கல்லின் முகம் பளிச்சென்று இருக்கும். எனக்கு அது தெரியாதா? குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்திருக்கலாம். குனியவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. பதுளைப் பக்கத்துக்கு மாற்றம் கேட்டு எழுதியிருந்தேன், அதற்கு அருளப்பரின் சிபாரிசு வேண்டியிருந்தது. அதுவாக இருக்கலாம். அன்று நல்ல குளிர், அவர் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அதுவாகக்கூட இருக்கலாம். பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவரை மட்டும் பிறகு விசாரித்தேன். அவர் சந்திக் கடையில் அருளப்பர் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நேத்து ஒரே பனிங்க ஐயா. என் சுத்தியலே எனக்குத் தெரியல, அவரை எங்க பாக்குறது?”

கோர்ட்டு வாசல்

கோர்ட்டில் என் கையெழுத்துப் பேசியது. நான் பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மாரிமுத்து, ஆறாம் நாளும் வந்தேன் என்று சொன்னார். ராக்கம்மா, மத்தியானம் நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொன்னாள். மனைவி அப்படித்தான் சொல்லுவாள் என்று தள்ளிவிட்டார்கள். இரட்டிப்புக் காசு. அதைக் கட்ட ஒரு பசுவை விற்க வேண்டும்; ஒரு பசுவின் பாலில் நில வாடகை போகாது. இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வாசலில் என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் பேசும்போது வழக்கமாகச் செய்வதுபோல் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அஞ்சு நாள் நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியுங்க ஐயா. ஆறாம் நாள் எங்க இருந்தேன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.”

மலை ரோட்டில்

அடுத்த வருஷம் பெரகல சந்தியிலிருந்து ஒரு ஆள்கூட ஆறு நாளுக்கு வரவில்லை. வண்டிக்காரர், மூட்டைக்காரர், எல்லாரும் காசு கட்டினார்கள். உழைத்துக் கழிக்கலாம் என்று போனவனுக்கு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். வசூல் கூடியது. ஊர்க்காரர்களுக்கு ரோட்டு வேலையில் நாட்டமில்லை என்று வருஷ அறிக்கையில் எழுதினார்கள். அந்த அறிக்கையை வாசித்த இடத்திலேயே கிழித்துப் போட்டேன். அது நகல்தான், நகலைக் கிழிக்கிற தைரியம் எனக்கு எப்போதும் இருந்திருக்கிறது.

மாரிமுத்து குடும்பம் லயத்துக்குத் திரும்பிவிட்டது. நான் மாற்றலாகி பதுளைக்குப் போவதற்கு முந்தின வாரம், தோட்டத்து ரோட்டில் கொழுந்துக்காரர்கள் எதிரே வந்தார்கள். ராக்கம்மா முன்னால், அவளுக்குப் பின்னால் செல்லாயி. கூடை அவள் முதுகைவிடப் பெரிதாக இருந்தது. நான் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தேன். ராக்கம்மா நின்றுவிட்டாள். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் மகளின் கூடைத் தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “நல்லா இருக்கோமுங்க. புள்ளைக்கு அரைச் சம்பளம் போடுறாங்க. ரோட்டு வரியும் இல்ல, அந்த ஒரு கொறையும் தீந்துச்சு.”

அருளப்பர் வீட்டில்

இப்போது அந்த வரி இல்லை. அருளப்பர் வேலையிலிருந்து ஓய்ந்து பதுளையில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, கால் முடியவில்லை, வீடு வரை கூட வா தம்பி என்றார். கூடப் போனேன். கோப்பி வந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, இந்தக் காலத்து ஆட்களிடம் வந்தது. “வரியை எடுத்துட்டாங்க. இனி எவன் வேலை செய்வான்? சும்மா கெடக்குறவனை எழுப்ப ஒரு அடி வேணும். இல்லாட்டி, சும்மாவே சோறு வேணும்பான்” என்றார்.

இந்தப் பேச்சைத் துரைமார் வாயிலும் முதலாளிமார் வாயிலும் கங்காணி வாயிலும் கேட்டிருக்கிறேன். முப்பது வருஷம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அன்று ஆட்ட முடியவில்லை. வேலை செய்ய வந்தவனைத்தானே நாம் அடித்தோம், வேலை செய்ய வந்ததற்காகவே அடித்தோம் என்று நினைத்தேன். வாய்விட்டே சொல்லியும் விட்டேன் போலிருக்கிறது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பெரகலப் பால்காரன் விஷயமா?” என்றார். பெயரை மறந்திருந்தார். “அன்னைக்கு அவன் வந்தானா இல்லையான்னு கேக்கத்தானே இத்தனை வருஷமா என் பின்னாலயே சுத்துறே? கேளு. சொல்லிடுறேன். இப்ப சொன்னா யாருக்கு என்ன?”

அவர் சொல்லத் தயாராக இருந்தார். நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்கு வரும் பதில் எனக்கு வேண்டாம், அது எதுவாக இருந்தாலும் நான் அன்றே அறிந்ததுதான். அறியாதது வேறு ஒன்று. முப்பது வருஷம் ரோடு அளந்தவன் நான், அவரிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்: “அண்ணே, அன்னைக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மாரிமுத்துவை விட்டிருப்பீங்களா?”